சொல்லுக்குப் பரிசு உண்டு. முன்பணம் கேட்டால் உஷார்!

கலைத்துப் போட்ட 9 எழுத்துகள். அவற்றைச் சேர்த்து நீளமான சொல் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து 6 எண்கள். கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து, சொன்ன விடையைக் கொண்டுவர வேண்டும். நேரம் 30 விநாடிதான்!

இது பிரிட்டன் டெலிவிஷனில் 1982 நவம்பர் 2-ந் தேதி தொடங்கிய 'கவுண்ட்டவுன்' போட்டி. இதன் தாய்வீடு பிரான்ஸ். அங்கே 1965-லேயே சொல் போட்டி வந்துவிட்டது.

வென்றவருக்குக் கோடி ரூபாயா? இல்லை. ஒரு தேநீர்க் கெண்டி!

வீட்டிலும் ஆடலாம்

50, 25, 9, 7, 4, 2 என்ற எண்களைக் கொண்டு 453 வர வேண்டும். எல்லா எண்களையும் பயன்படுத்த வேண்டியதில்லை. 50-ஐ 9-ஆல் பெருக்கினால் 450. 7-ல் 4 போனால் 3. இரண்டையும் கூட்டினால் 453!

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த ஆட்டம் பொருத்தமானது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்கும் கல் உடைக்கும் வேலைக்கும் போன பெண்கள் இரவில் எழுத்தும் கணக்கும் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். கற்ற எழுத்து மறக்காமல் இருக்க வேண்டுமானால் பழக்கம் வேண்டும். அதற்குச் சொல் விளையாட்டு நல்ல வழி.

பெரிய பரிசு வாங்கியவர்களும் உண்டு. மதுரையைச் சேர்ந்த கவுசல்யா கார்த்திகா காது கேளாதவர். வாய் பேச இயலாதவர். 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் 1 கோடி ரூபாய் வென்றார்.

திறமையா, அதிர்ஷ்டமா?

பரிசுப் போட்டிகளுக்கு 1955-ல் சட்டம் வந்தது. திறமையால் வெல்லும் போட்டிகளை அது கட்டுப்படுத்தாது என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆனால் எல்லாப் போட்டியும் ஒன்றல்ல. 2007-ல் ஒரு இந்தி வினாடி வினா நிகழ்ச்சி வீட்டில் இருந்தவர்களையும் எஸ்.எம்.எஸ். மூலம் விடை அனுப்பச் சொன்னது. ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு 2 ரூபாய் 40 காசு. சரியான விடை சொன்னவர்களில் ஒருவரைக் குலுக்கல் போல் பொறுக்கி, 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வழக்கு வந்தது. தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் 1 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

சட்டப்படி குற்றம் இல்லை என்று ஆனாலும், கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விடை தெரிந்தவர் பல பேர், பரிசு ஒருவருக்கு. அங்கே வென்றது அறிவு மட்டும் அல்ல, அதிர்ஷ்டமும்தான்.

போலிப் பரிசு

இதைவிட மோசம், போட்டியே இல்லாத பரிசு! "25 லட்சம் ரூபாய் விழுந்திருக்கிறது" என்று, புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயரில் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. முத்திரை இருக்கும்; பிரபல நடிகர் படமும் இருக்கும். பிறகு "வரி கட்டுங்கள்" என்று பணம் கேட்பார்கள். அனுப்பினால் பணம் போனதுதான்.

புதிதாகப் படிக்கக் கற்றவருக்கு, எழுத்தில் வந்ததெல்லாம் உண்மை என்று தோன்றலாம். படித்தால் மட்டும் போதாது. கணக்கும் போட வேண்டும். கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு எப்படி வரும்? பரிசு கொடுப்பவர் நம்மிடம் ஏன் முன்பணம் கேட்க வேண்டும்?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். தாமதம் ஆக ஆக, பணத்தை மீட்பது கஷ்டம்.