விழுந்த இடம் வேறு, தவறிய இடம் வேறு

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். குறிப்பாக, உங்களில் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"நம்ம டீச்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிப்பீர்கள். ஐந்தாம் வகுப்புக்கு நெடுவகுத்தல் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். ஆனால் போன மாதம் என் பேத்தி அழுத அழுகை என்னைச் சி மொழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. செய்முறைத் தேர்வில் ஒரு கணக்கு: பெயர்களை வரிசையாகச் சேர்க்க வேண்டும், கேட்டால் ஒன்றை நீக்க வேண்டும், மறுபடி சேர்க்க வேண்டும். வீட்டில் இருபது தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தன் பெயர், அம்மா பெயர், என் பெயர் எல்லாம் போட்டு ஓட்டினாள். ஒரு குறையும் இல்லை. தேர்வில் எக்ஸ்டர்னல் ஒரு சீட்டில் வேறு பெயர்களை எழுதிக்கொடுத்து, "இதை நீக்கு, இதைச் சேர், இப்போது அதை நீக்கு" என்றிருக்கிறார். மூன்றாவது படியில் ப்ரோகிராம் அப்படியே விழுந்துவிட்டது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. "ஏன் விழுந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். இவளுக்குத் தெரியவில்லை. "சொந்தமா எழுதியிருந்தா தெரிஞ்சிருக்குமே. யாரைப் பார்த்து எழுதின?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அன்று இரவு போனில், "ஆச்சி, எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், பி.காம் போறேன்" என்றாள்.

சென்னையில் இந்தத் துறையில் பல வருஷமாக வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டேன். அன்று புரிந்ததை எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். துறைக்காரர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

சி மொழியில் ஒரு பெயரை வைக்க இடம் வேண்டுமென்றால் 'மலாக்' என்ற ஒன்றிடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் 'ஃப்ரீ' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது போலத்தான். நாலெழுத்துப் பெயருக்கு ஐந்து பைட் வேண்டும். எழுத்துக்கு நாலு, 'பெயர் முடிந்தது' என்று காட்டும் பூஜ்யத்துக்கு ஒன்று. என் பேத்தி அந்த ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான் தவறு. ஒரே ஒரு பைட்.

அப்படியானால் வீட்டில் ஏன் ஓடியது? பாத்திரக் கடையில் நாம் கேட்ட அளவுக்கே பாத்திரம் இருக்காது. மூன்று படி கேட்டால் ஐந்து படிப் பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பார்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் மலாக், 64 பிட் கணினியில், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் குறைந்தது 24 பைட் கொடுக்கும். அதற்கு அடுத்த அளவு 40. எங்கள் வீட்டுப் பெயர்கள் எல்லாம் சின்னவை. நாலு கேட்டு ஐந்து எழுதினாலும் உள்ளேயே அடங்கிவிட்டது.

எக்ஸ்டர்னல் கொடுத்த பெயர் இவளுக்கு நினைவில்லை. நீளமான பெயர் என்பது மட்டும் தெரியும். முப்பது எழுத்துப் பெயர் போட்டோம், ஓடியது. எனக்கு ஒரு யோசனை வந்தது. "உ.வே.சா.வுக்குப் பாடம் சொன்ன மகாவித்துவான் பெயரைப் போடுடி" என்றேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 24. அடுத்த பெயரை நீக்கியதும் விழுந்தது! கடைசியில் ஒரு புள்ளி வைத்து 25 ஆக்கினால் ஓடுகிறது. ஒரு எழுத்தை எடுத்து 23 ஆக்கினாலும் ஓடுகிறது. 24 என்றால் மட்டும் விழுகிறது.

காரணத்தை அந்த மாணவர் விளக்கினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் அதன் அளவைக் கடைக்காரர் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பைட் பாத்திரத்தில் 25-வதாக ஒரு பூஜ்யத்தை ஊற்றினால், அது வழிந்து பக்கத்துப் பாத்திரத்தின் அளவுக் குறிப்பை அழித்துவிடும். அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கத்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் கடைக்காரர் கணக்குச் சரியில்லை என்று கையை விரிப்பார். ப்ரோகிராம் நின்றுபோகும்.

அதாவது தவறு நடந்தது பெயரைச் சேர்த்த இடத்தில். விழுந்தது வேறு பெயரை நீக்கிய இடத்தில். இவள் தேர்வறையில் நீக்கும் வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். அங்கே தவறே இல்லை. அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்றுதான் 'பார்த்து எழுதியவள்' என்ற பட்டம். அத்தனை வருஷ அனுபவம் உள்ள என் மாணவருக்கே, 24 என்ற எண்ணைப் பார்க்கும் வரை பிடிபடவில்லை.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளையில் இரண்டே சொற்களைச் சேர்க்கச் சொன்னார். ஒன்று 'மைனஸ் ஜி'. மற்றது 'மைனஸ் எஃப்சானிடைஸ் ஈக்வல் அட்ரஸ்'. மகாவித்துவான் வேண்டாம், 'மாலா' என்ற நாலு ஆங்கில எழுத்துப் பெயரே போதும் என்றார். ஓட்டிய உடனே நின்றது. 4 பைட் வாங்கிய இடத்தில் 5 பைட் எழுதுகிறாய், எழுதியது இன்ன வரியில், இடம் வாங்கியது இன்ன வரியில் என்று இரண்டு வரி எண்களையும் திரையில் காட்டிவிட்டது. பேத்தி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஆச்சி, இது முன்னாடியே இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது. இதன் பெயர் அட்ரஸ் சானிடைசர். கூகுளில் வேலை பார்த்தவர்கள் உருவாக்கியது. 2012-ல் கிளாங் கம்பைலரிலும், 2013-ல் ஜிசிசி கம்பைலரிலும் சேர்ந்துவிட்டது. ஜிசிசி இலவசம். லினக்ஸ் வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் அதுதான்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நாம் எழுதிய ப்ரோகிராமைக் கம்பைலர் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது அல்லவா? அப்படி மாற்றும்போது, மெமரியில் ஒன்றைப் படிக்கும் அல்லது எழுதும் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், 'இந்த இடத்தைத் தொடலாமா?' என்று பார்க்கும் சில கட்டளைகளைத் தானே எழுதிச் சேர்த்துவிடுகிறது. அதைப் பார்க்கத் தனியாக ஒரு பதிவேடு உண்டு. எட்டு பைட்டுக்கு ஒரு பைட் வீதம், இதில் எத்தனை பைட் உன்னுடையது என்று அதில் குறித்திருக்கும். மலாக்கையும் மாற்றிவிடுகிறது. பாத்திரங்களை ஒட்டி ஒட்டி வைக்காமல் நடுவில் தொடக்கூடாத இடம் விடுகிறது. திருப்பிக் கொடுத்த பாத்திரத்தை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறது. கொடுத்துவிட்ட பாத்திரத்திலேயே மறுபடி சமைக்கப் போனால் அதனால்தான் பிடிபடுகிறோம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சி மொழி சொல்லிக்கொடுக்கும் ஆய்வகத்தில் முதல் நாளிலிருந்தே இந்தச் சோதனையைப் போட்டுத்தான் மாணவர்கள் ப்ரோகிராம் ஓட்ட வேண்டும். கடைசி ஆண்டில் யாரோ ஒருவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். என் மாணவரிடமே எல்லாவற்றையும் கேட்டேன்.

"வேகம் குறையும்." ஆமாம், ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆகும், மெமரியும் கூடுதலாகத் தின்னும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் மென்பொருளில் அது பெரிய விஷயம். பத்துப் பெயரை வரிசைப்படுத்தும் பிள்ளைக்கு அதனால் என்ன நஷ்டம்?

"பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள். கஷ்டப்பட்டுத் தேடினால்தான் படிப்பு." நானும் ஒரு காலத்தில் இப்படிப் பேசியவள்தான். ஆனால் இந்தக் கருவி எதையும் திருத்திக் கொடுப்பதில்லை. இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஏன் ஒரு பைட் குறைந்தது என்று யோசிக்க வேண்டியவள் அவள்தான். தவறில்லாத வரியை இரவு முழுக்க முறைத்துப் பார்ப்பதில் என்ன படிப்பு வருகிறது?

"எல்லாத் தவறையும் இது பிடிக்காது." உண்மை. ஓடிய பாதையில் நடந்ததை மட்டுமே பிடிக்கும். ஓட்டாத பாதையில் உள்ள தவறு தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சின்னப் பெயர், பெரிய பெயர், பெயரே இல்லாதது என்று பலவிதமாகக் கொடுத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோதனை இருக்கிறது என்பதற்காக யோசனையை விடச் சொல்லவில்லை.

"சி-யே பழசு, ரஸ்ட் போன்ற புது மொழிகள் இந்தத் தவறை எழுதவே விடாது" என்றும் சிலர் எழுதுவீர்கள். நல்லது. ஆனால் பாடத்திட்டத்தில் சி இருக்கும்வரை, அதைப் பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் இருக்கிறது.

இது ஒரு மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்று ஒரு பிழை வெளியே வந்தது. உலகத்தில் எத்தனையோ இணையதளங்கள் ரகசியம் காக்கப் பயன்படுத்திய ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்தது. 'நான் அனுப்பும் சொல்லைத் திருப்பி அனுப்பு' என்று ஒரு வசதி. சின்னச் சொல்லை அனுப்பிவிட்டு, 'இது 64,000 எழுத்து' என்று பொய் சொன்னால், அது சரிபார்க்காமல் பக்கத்து மெமரியில் இருந்ததையும் சேர்த்து அள்ளி அனுப்பிவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். 2012-ல் வெளியான பதிப்பிலேயே இருந்த தவறு. எதுவும் விழவில்லை, அதனால் இரண்டு வருஷம் வெளியே தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்ன கணக்குப்படி, ஆண்டுதோறும் அவர்கள் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த மெமரித் தவறுகளைச் சேர்ந்தவை. நாளைக்கு வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மென்பொருள் எழுதப் போவது இன்றைக்கு லேபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான். 'ஓடுகிறது, அதனால் சரி' என்ற பழக்கத்தோடு அவர்களை அனுப்பக் கூடாது.

கடைசியாக என்னைப் பற்றிய ஒன்று.

பல வருஷம் நான் கணக்கு நோட்டு திருத்திய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். விடையைப் பார்ப்பேன். தவறென்றால் விடையின் மேல் ஒரு பெருக்கல் குறி. அறுபது நோட்டு, நேரமில்லை. நெடுவகுத்தலில் மூன்றாம் வரியில் கடன் வாங்க மறந்திருப்பான். மிச்ச எட்டு வரியையும் முறையாகச் செய்திருப்பான். எனக்கு அது தெரியாது. ஒரு பையன் அடுத்தடுத்து அப்படியே பெருக்கல் குறி வாங்கினான். "பக்கத்துல பார்த்தாவது ஒழுங்கா எழுதேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கணக்கு நோட்டையே கொண்டுவருவதில்லை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது பெரிய மனிதர், இந்தப் பதிவையும் படிக்கக்கூடும். தம்பி, நீ தவறிய வரியை நான் தேடவே இல்லை. என்னை மன்னித்துவிடு.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்று வேண்டுகோள். அந்த இரண்டு சொல்லையும் லேப் போர்டில் எழுதிப் போடுங்கள். தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியதை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லி அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். வைவாவில் 'ஏன் விழுந்தது?' என்று கேட்டால், தேடுவதற்குரிய கருவியையும் நேரத்தையும் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பெற்றோர்களே, 'மத்த பிள்ளைங்களுக்கு எல்லாம் ஓடுச்சே' என்று சொல்லாதீர்கள். அவர்களில் எத்தனை பேருடையது 24 எழுத்துப் பெயருக்காகக் காத்திருக்கிறதோ!

பேத்தி பி.காம் போகவில்லை. மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று கூப்பிட்டு, "ஆச்சி, இன்னிக்கு மூணு தப்பு பிடிச்சேன்" என்றாள். குரலில் சந்தோஷம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் 'டீச்சர் சொன்னது தப்பு' என்று மட்டும் போடாதீர்கள். எந்த வரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்