இடையில் ஏன் ஓர் ஆங்கில வாக்கியம்?

என்னிடம் தொடக்கக் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர், மேற்கல்வியின் பொருட்டுச் செருமனி செல்ல விரும்பி, அந்நாட்டு மொழியைக் கற்று வருகின்றார். அண்மையில் என்னைக் காண வந்தவர், தம் குறிப்பேட்டைப் பெருமையுடன் காட்டினார். இடப்புறம் ஆங்கில வாக்கியம். வலப்புறம் அதன் செருமன் மொழிபெயர்ப்பு. நூற்றுக்கணக்கான சொற்களை இம்முறையில் மனனம் செய்திருந்தார். யானும் அம்மொழியை ஓரளவு பயின்றவன். ஆதலால், "எனக்குக் குளிர்கிறது என்பதை எப்படிச் சொல்வாய், தம்பி?" என்று வினவினேன்.

"இஹ் பின் கால்ட், ஐயா" என்றார்.

ஆங்கிலேயர் 'நான் குளிராக இருக்கிறேன்' என்னும் அமைப்பில் பேசுவர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார் நம் இளைஞர். செருமானியர் செவியிலோ அது 'நான் ஈரமற்ற நெஞ்சினன்' என்று ஒலிக்கும். அவர்கள் கூறுவது 'மிர் இஸ்ட் கால்ட்' என்பதே. 'மிர்' என்றால் 'எனக்கு'. பள்ளிக்கு வருமுன்பே தமிழ்க் குழந்தை அறிந்த நான்காம் வேற்றுமை அன்றோ இது! தாய்மொழி கையில் கொடுத்த விளக்கை அணைத்துவிட்டு, இரவல் விளக்கைத் தேடி இடறி விழுந்தார் அவ்விளைஞர்.

இஃது ஓர் இடத்தில் மட்டும் நேரும் இழப்பன்று. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். செருமன் மொழியிலோ நெருங்கியவரிடம் 'டு', மதிப்புக்குரியவரிடம் 'ஸீ'. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? மனிதர் உண்பதற்கு 'எஸ்ஸென்'. விலங்கு தின்பதற்கு 'ஃப்ரெஸ்ஸென்'. உண்ணலையும் தின்னலையும் பிரித்தறியும் தமிழ் மாணவன், இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் கற்று, விருந்துக்கு அழைத்தவரிடம் 'நீங்கள் தின்றீர்களா?' என்று கேட்கும் நிலைக்கு ஆளாவது முறையோ?

"ஆங்கிலமும் செருமனும் ஒரே குடும்பத்து மொழிகள், ஆகவே ஆங்கில வழியே எளிது" என்பர் சிலர். உறவு உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வுறவே ஏமாற்றவும் செய்யும். ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு; செருமனில் அதே சொல் நஞ்சு!

தமிழ் எல்லா இடத்தும் துணைசெய்யும் என்று யான் வாதிடவில்லை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால் என்னும் செருமன் வழக்குக்குத் தமிழில் ஒப்புமை இல்லை. ஆனால் அவற்றின் முன் வரும் 'டேர்', 'டீ', 'டாஸ்' மூன்றையும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைத்துவிடும் ஆங்கிலமும் அங்கு வழிகாட்டாது. அச்சொற்களோடு சேர்த்தே பெயரை மனத்தில் பதித்தல் ஒன்றே வழி.

1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கிய செருமானியர் சீகன்பால்கு, தமிழை எவ்வாறு கற்றார்? தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். ஏட்டுச் சுவடிகளைப் படித்துச் சொற்களைத் திரட்டினார். தமிழைத் தமிழர் வழக்கிலிருந்தே கற்றார். அவருடைய மொழியை நாம் கற்கும்போது மட்டும், இருவருக்கும் அயலான ஒரு மொழியின் வாக்கியங்கள் எதற்கு?

மாணவ மணிகளே! செருமானியர் தமக்காக எழுதிய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அருகே பொருளைத் தமிழில் எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களே! அத்தகைய சிறு கையேடு ஒன்றை ஆக்கும் பொறுப்பு நம்முடையது. 'தமிழ் வீட்டோடு நிற்கும். உலகை அறிய உதவாது' என்னும் எண்ணத்தை நம் பிள்ளைகள் மனத்தில் நாமே விதைத்துவிட்டால், அவர்கள் எத்தனை மொழி கற்றாலும் தம் மொழியை இழந்தவரே ஆவர்.

அன்று அவ்விளைஞர் குறிப்பேட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினார். 'மிர்' என்று எழுதி, அதன் எதிரே 'எனக்கு' என்று எழுதினார். தொடக்கம் நன்று.