புதுப்பிக்கும் வேலை யாருடையது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை இது. அந்த நாட்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் ஏலம் குறைந்திருக்கும். ஆனால் வேலை குறைந்திருக்காது. படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள், பழுதான பலகையை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், வர்ணம் அடிப்பார்கள். கடலின் நடுவே எஞ்சின் நின்று போனால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பழுது வரும்வரை காத்திருப்பதில்லை.

நம் வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கம்ப்யூட்டரை நாம் இப்படிப் பராமரிக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. "ஓடுகிற வரை ஓடட்டும், நின்றால் கடைக்காரரிடம் கொடுப்போம்" என்று இருந்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும், மாற்ற வேண்டியவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய நீங்கள்தான் என்பது என் கருத்து. அதற்குக் காரணங்களைச் சொல்கிறேன். சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு கேள்வி எழும். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். மென்பொருள் வெறும் எழுத்துகளும் எண்களும்தானே? அது எப்படிப் பழுதாகும்?

மென்பொருள் தேய்வதில்லை, உண்மை. ஆனால் அதை எழுதியவர்கள் மனிதர்கள். பல லட்சம் வரிகளில் எங்கோ ஒரு பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். ஒருநாள் யாரோ அதைக் கண்டுபிடிப்பார். கண்டவர் நல்லவராயின் திருத்தம் வெளியாகும். திருத்தம் வெளியானதும் இன்னொன்றும் நடக்கிறது: ஓட்டை எங்கே இருந்தது என்பது உலகுக்கே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் திருத்திக்கொள்ளாத கம்ப்யூட்டர், பூட்டு உடைந்த செய்தி ஊரெல்லாம் பரவிய பின்னும் பூட்டை மாற்றாத வீட்டைப் போன்றது.

இது கற்பனை அல்ல. 2017-ஆம் ஆண்டு மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-இல், 'வானாக்ரை' என்ற தீய புரோகிராம் அதே ஓட்டை வழியாக நுழைந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. திருத்தம் இலவசமாகக் கிடைத்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே, ஜூன் 27-இல், 'நாட்பெட்யா' வந்தது. இது துறைமுகப் பகுதி மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய கதை. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை தடைப்பட்டது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த லாரியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் நின்றால் கிரேன் மட்டும் இருந்து என்ன பயன்? சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது என்று மெர்ஸ்க்கின் தலைவரே பின்னர் கூறினார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, துறைமுகத்தின் கம்ப்யூட்டர் நின்றால் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இக்கதையில் ஒரு திருப்பம் உண்டு. நாட்பெட்யா முதலில் நுழைந்தது எப்படி? உக்ரைன் நாட்டில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக! அந்நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்தவர்கள், புதுப்பிப்புடன் நஞ்சையும் சேர்த்து அனுப்பினார்கள். உள்ளே வந்த பிறகு, திருத்தப்படாத பழைய ஓட்டையையும் அது பயன்படுத்திப் பரவியது. ஆகவே புதுப்பிக்காமல் இருப்பதும் ஆபத்து; எங்கிருந்து வருகிறது என்று பாராமல் புதுப்பிப்பதும் ஆபத்து. 'புதுப்பி' என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் போதாது. என்ன நடக்கிறது என்று அறிந்து செய்ய வேண்டும்.

அறிந்து செய்வதற்கு நல்ல பயிற்சிக்களம் லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது. இதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இதைப் பல தொகுப்புகளாக உலகெங்கும் வழங்குகிறார்கள். அவற்றுள் 1993-இல் தோன்றிய டெபியன் முக்கியமானது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது.

லினக்ஸில் மென்பொருள்கள் 'பேக்கேஜ்' என்னும் பொட்டலங்களாக வருகின்றன. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன. இவையெல்லாம் களஞ்சியம் எனப்படும் ஒரே இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து எடுத்துத் தரும் வேலையாள்தான் 'ஆப்ட்' என்ற புரோகிராம்.

இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது 'சூடோ ஆப்ட் அப்டேட்'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தில் இன்று என்னென்ன பதிப்புகள் உள்ளன என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும். இரண்டாவது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. இது உங்களிடம் உள்ளதையும் பட்டியலையும் ஒப்பிட்டு, எவை மாறப்போகின்றன, எவ்வளவு இறக்க வேண்டும் என்று காட்டி, "சரியா?" என்று கேட்கும். உங்கள் பதிலுக்காக நிற்கும். அந்த இடத்தில் நின்று படிக்கும் ஒரு நிமிடம்தான் பராமரிப்பின் உயிர்.

நஞ்சு கலந்த பொட்டலம் வந்தால் எப்படித் தெரியும்? கண்டெய்னரின் கதவில் எண் பொறித்த சீல் மாட்டப்பட்டிருக்கும். தாளில் உள்ள எண்ணும் சீலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைச் சந்தேகிப்பார்கள். ஆப்டும் இப்படியே செய்கிறது. ஒவ்வொரு பேக்கேஜிலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஒரு நீண்ட எண் பட்டியலில் இருக்கும். பேக்கேஜில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அந்தப் பட்டியலின் மேல் களஞ்சியத்தாரின் மின்கையொப்பமும் உண்டு. கையொப்பம் பொருந்தாவிட்டால் ஆப்ட் எச்சரித்து நின்றுவிடும். ஆகவே, ஏதோ ஒரு தளத்தில் கிடைத்தது என்று கண்ட மென்பொருளை இறக்கிப் போடாதீர்கள். களஞ்சியத்தில் இருப்பதை அங்கிருந்தே எடுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. பல புரோகிராம்கள் பொதுவான ஒரு நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும். ரகசியத் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' அத்தகையது. அதில் இரண்டு ஆண்டுகளாக மறைந்திருந்த 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் அந்த ஒரு நூலகத்தைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால், அதைச் சார்ந்த எல்லாப் புரோகிராம்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. தெருவின் பொதுக்குழாயைச் சரிசெய்தால் எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வருவது போலத்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

"ஓடுகிற இயந்திரத்தைத் தொடாதே" என்று தொழிற்சாலை ஃபிட்டர்கள் சொல்வதுண்டே? அனுபவத்தில் விளைந்த சொல்தான். ஆனால் அதே தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை ஷட்டவுன் எடுத்து இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. எனவே அதன் பொருள் "எப்போதும் தொடாதே" என்பதல்ல. "நேரமறியாமல் தொடாதே" என்பதே. நாளை செய்முறைத் தேர்வு என்றால் இன்றிரவு பதிப்பு மாற்றாதீர்கள். முக்கியக் கோப்புகளை வேறொரு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில், மின்தடை வராத நேரம் பார்த்துச் செய்யுங்கள். லினக்ஸ் கருநிரல் மாறும்போது பழைய கருநிரலும் வழக்கமாக வைத்திருக்கப்படும். புதியது தகராறு செய்தால் தொடக்கத் திரையில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம்.

"எல்லார் வீட்டிலும் இணைய வசதி ஏது? செல்போன் டேட்டா தீர்ந்துவிடுமே" என்பது நியாயமான கவலை. இதற்கும் வழி உண்டு. இறக்கிய பேக்கேஜ்கள் கம்ப்யூட்டரின் ஒரு கோப்புறையில் தற்காலிகமாகச் சேமிக்கப்படுகின்றன; நிறுவி முடித்ததும் ஆப்ட் அவற்றை வழக்கமாக நீக்கிவிடும் என்பதால் அதற்கு முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதே பதிப்புள்ள பக்கத்துக் கம்ப்யூட்டரின் அதே கோப்புறையில் பென் டிரைவ் மூலம் அவற்றைப் போட்டுவிட்டால், ஆப்ட் மறுபடி இறக்காமல் பயன்படுத்திக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்தில் பத்துக் கம்ப்யூட்டர்கள் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் முழுதாக இறக்கினால் போதும்; மற்றவை பட்டியலை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

"தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அந்த வசதியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தானாக நடப்பது நின்றுபோனால், அது நின்றுவிட்டதை அறியவாவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

இங்கே ஒரு மனிதரை அறிமுகப்படுத்துகிறேன். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், 2024 மார்ச்சில் தம் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சில சோதனைகள் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து உள்நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற பேக்கேஜின் புதிய பதிப்புகளில், திட்டமிட்டு வைக்கப்பட்ட கள்ளக் கதவு ஒன்று இருப்பது தெரிந்தது! அப்பணியில் நெடுநாள் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவரே அதை நுழைத்திருந்தார். மார்ச் 29-இல் ஃபிராயிண்ட் அதை உலகுக்கு அறிவித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்திருந்த அது, நிலையான பதிப்பை எட்டுமுன் தடுக்கப்பட்டது. உள்ளிருந்தே வரும் துரோகத்தைக் கையொப்பத்தால் மட்டும் தடுக்க முடியாது. திறந்து கிடக்கும் நிரலும், அதை ஆராயும் கண்களும் வேண்டும் என்பதை இது காட்டியது. தம் இயந்திரத்தின் இயல்பான நடை எது என்று அவர் அறிந்திருந்ததால்தான் அந்த அரை வினாடி அவர் கண்ணில் பட்டது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பல, விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடலாமா? ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீட்டில் அக்கா பள்ளியில் வாங்கிய மடிக்கணினி பரணில் கிடக்கலாம். புதிது வாங்க அந்த வீட்டில் பணம் இருக்காது. 64 பிட் செயலி இருந்தால் அதில் இன்றைய டெபியன் ஓட வாய்ப்புண்டு. எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய முகப்பைப் போட்டால் குறைந்த நினைவகத்திலும் சமாளிக்கும். தங்கைக்குப் படிக்க ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா கிடைக்காதா என்பது, அதைச் சீராக்கிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

ஆகவே மாணவர்களே, ஆசிரியரின் அனுமதியோடு உங்கள் பள்ளியில் நாலைந்து பேர் கொண்ட பராமரிப்புக் குழு ஒன்றைத் தொடங்குங்கள். வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, புதுப்பித்த பேக்கேஜ்கள், வந்த பிழைச்செய்தி, தீர்த்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். பிழைச்செய்தி வந்தால் பயந்து மூடிவிடாதீர்கள், முழுதும் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். நீங்கள் பள்ளியை விட்டுப் போகும்போது அந்த நோட்டை அடுத்த வகுப்பாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.