ஹார்லிக்ஸ் பாட்டில் ரவுடி

ஹாஸ்டலில் நாய் வளர்க்க முடியாது. பூனை வளர்த்தால் வார்டன் நம்மை வளர்க்க மாட்டார். அதனால் நம்ம பசங்க காலம்காலமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒரே செல்லம், ஃபைட்டர் மீன்!

தஞ்சாவூரில் நான் படித்தபோது எங்கள் ரூமிலும் ஒருத்தர் இருந்தார். ரத்தச் சிவப்பு. பட்டுப் பாவாடையை விரித்த மாதிரி வால். ரூம்மேட்தான் வாங்கி வந்தான். ‘‘கடைக்கார அண்ணன் சொன்னாரு மாப்ள... தொட்டி வேணாம், மோட்டார் வேணாம், ஹார்லிக்ஸ் பாட்டிலே போதுமாம்!’’ என்றான். ‘பாட்ஷா’ என்று பெயர் வைத்து, ஜன்னல் ஓரம் குடி வைத்தோம்.

சாயந்திரம் ஆனால் ஷோ ஆரம்பம். முகம் பார்க்கும் கண்ணாடியை பாட்டில் பக்கத்தில் வைப்போம். அவ்வளவுதான், செவுளை விரிப்பார், துடுப்பைச் சிலுப்புவார், கண்ணாடியில் தெரியும் ‘எதிரி’யை முட்டித் தள்ளுவார். பக்கத்து ரூம் பசங்க எல்லாம் வந்து விசில் அடிப்பார்கள். ‘‘செம ரவுடிடா இவன்!’’

நாலாவது மாதம் ஷோ நின்றுபோனது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு பாட்டிலின் அடியில் கிடந்தார். கண்ணாடி காட்டினாலும் திரும்பவில்லை. இன்டர்னல் எக்ஸாம் முடிந்து வந்து பார்த்தால், மிதந்துகொண்டிருந்தார். ‘‘ஃபைட்டர்னாலே கொஞ்ச நாள்தான்டா ஆயுசு’’ என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

அது பொய். ஒழுங்காக வளர்த்தால் ஃபைட்டர் மீன் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். அதாவது, உங்க டிகிரி முடிகிற வரைக்கும்கூட!

நம்ம ஊர் சொந்தக்காரன்

பிராணவாயு குறைந்த அந்தப் பாட்டில் தண்ணீரில் பாட்ஷா நாலு மாதம் தாக்குப்பிடித்தது எப்படி? பதில் நம்ம டெல்டா வயலிலேயே இருக்கிறது.

தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், பனையேறிக் கெண்டை பற்றிச் சொல்வார். மழை நாளில் வாய்க்காலை விட்டு ஏறி, செவுள் மூடியை ஊன்றி ஊன்றி வரப்பிலேயே நடக்கும் மீன். 1791-ம் வருஷம் தரங்கம்பாடியில், ஒரு குளத்தோரப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இது ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக, டால்டார்ஃப் என்கிற டென்மார்க்காரர் எழுதினார். 1797-ல் லண்டன் லின்னியன் சொசைட்டியின் இதழில் அது அச்சானது. ‘மரமாவது ஏறுவதாவது... காக்காயோ பருந்தோ தூக்கிவந்து போட்டிருக்கும்’ என்று பின்னால் வந்தவர்கள் கலாய்த்தது தனிக்கதை. ஆனால், தரையில் நடப்பது நிஜம்.

இந்தப் பனையேறியும் நம்ம ஃபைட்டரும் தூரத்துப் பங்காளிகள். இரண்டுக்குமே செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்து நேரடியாகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. அங்கேயும் அது வாழ்வது நெல்வயல், ஆழமில்லாத குட்டை, புல் மண்டிய வாய்க்கால். அப்படியே நம்ம ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் மாதிரி! வெயிலில் தண்ணீர் சுண்டி, சூடேறி, மற்ற மீன்கள் மூச்சுத் திணறும்போதும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த உறுப்பு.

நாம் என்ன செய்தோம்? ‘இது பாட்டிலிலும் சாகாது’ என்பதை, ‘இதற்கு பாட்டில் போதும்’ என்று எடுத்துக்கொண்டோம். ஜெனரல் கம்பார்ட்மென்ட்டில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு சென்னை வரை போக உங்களால் முடியும். அதற்காக வாழ்க்கை முழுக்க அப்படியே நிற்கச் சொன்னால்?

சண்டைக்காரனா?

தாய்லாந்தில் இதற்குப் பெயர் ‘பிளா கட்’. கடிக்கும் மீன் என்று அர்த்தம். நம்ம ஊர்ச் சேவல் சண்டை மாதிரி, பந்தயம் கட்டி மோதவிடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். குறைந்தது 400 வருஷமாவது மனிதர்கள் இதை வளர்த்து வருகிறார்கள் என்று 2022-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.

ஆனால், வயலில் இரண்டு ஆண் மீன்கள் சந்தித்தால் முதலில் நடப்பது சண்டை இல்லை, சீன் போடுவது! செவுளை விரித்து, ‘நான் எவ்வளவு பெருசு பாரு’ என்று காட்டும். அதிலேயே பெரும்பாலும் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும். தோற்றவர் புல்லுக்குள் புகுந்து ஓடிவிடுவார். கதை முடிந்தது. பாட்டிலில்தான் ஓட இடம் கிடையாது. கண்ணாடிக்குள் தெரிகிற எதிரியோ, தோற்கவும் மாட்டான், ஓடவும் மாட்டான். தினமும் சாயந்திரம் பாட்ஷாவை நாங்கள் ஜெயிக்கவே முடியாத சண்டைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இதுகளுக்கு மூளையும் நிறைய. 1998-ல் ஆலிவெய்ரா, மெக்ரெகர், லாட்ரூஃப் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மீன்கள் மோதுவதை மூன்றாவது மீன் வேடிக்கை பார்க்கும்படி வைத்தார்கள். பிறகு அதையே களத்தில் இறக்கினால், தோற்றவரிடம் சட்டென்று போய் மல்லுக்கு நிற்கிறது. ஜெயித்தவரிடம் மட்டும் தயங்கித் தயங்கிப் போகிறது! 2001-ல் இன்னொரு ஆராய்ச்சி: பெண் மீன் பார்த்துக்கொண்டிருந்தால், ஆண் மீன் கடிப்பதைக் குறைத்துக்கொண்டு, செவுளை விரித்து வாலை ஆட்டும் ஸ்டைலைக் கூட்டுகிறதாம். கல்ச்சுரல்ஸில் நம்ம ஹீரோக்கள் செய்வதும் அதேதானே பாஸ்?

ரவுடிக்குள் ஒரு அப்பா

தண்ணீரின் மேலே நுரை மாதிரி குமிழ்கள் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று வழித்துப் போட்டுவிடாதீர்கள். அது வீடு! ஆண் மீன் வாயாலேயே ஊதி ஊதிக் கட்டும் கூடு. பெண் மீன் முட்டை போட்டதும், கீழே விழும் முட்டைகளை வாயில் பொறுக்கி வந்து ஒவ்வொன்றாகக் கூட்டில் ஒட்டுவது அப்பாதான். இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். அது சொந்தமாக நீந்தும்வரை, விழுகிற குஞ்சைத் திரும்பத் தூக்கி வைப்பதும் அவர்தான். நம்ம ஊர் விரால் குஞ்சுக் கூட்டத்துக்குப் பெற்றவர்கள் காவல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. பெண் துணை இல்லாவிட்டாலும் ஆண் மீன் கூடு கட்டும். பாட்ஷாவும் கட்டினார். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அதை நாங்கள் கொட்டிவிட்டோம்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு சுபாவம். ஒன்று விரலைக் காட்டினாலே சண்டைக்கு வரும். இன்னொன்று இலைக்குப் பின்னால் ஒளியும். சாப்பாடு போடும் நேரம் தெரிந்து மேலே வந்து நிற்கும். ஆனால், இந்தச் சுபாவமெல்லாம் தெரிய வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பாட்டிலுக்குள் எல்லா மீனும் ஒன்று ரவுடி, இல்லாவிட்டால் நோயாளி.

வளர்க்கப் போறீங்களா? இதைச் செய்யுங்க!

* குறைந்தது 15 லிட்டர் தொட்டி. ஹாஸ்டல் பக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

* குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாகக் கொட்டி மாற்றுவது பெரிய அதிர்ச்சி.

* ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் செடி. குதிக்கும் பார்ட்டி என்பதால் மூடி கட்டாயம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுங்கள்.

* தீனி கொஞ்சம்தான். மிச்சமானதை எடுத்துவிடுங்கள்.

* இரண்டு ஆண் மீன்களை ஒன்றாகப் போடாதீர்கள். கண்ணாடி ஷோ எப்போதாவது ஒரு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

* லீவுக்கு ஊருக்குப் போகும்போது, ‘பாவம், பிழைச்சுப் போகட்டும்’ என்று வடவாற்றிலோ புதாற்றிலோ விட்டுவிடாதீர்கள். அது நம்ம ஆற்று மீன் இல்லை. ஒன்று அது சாகும், இல்லாவிட்டால் நம்ம மீன்களுக்கு நோயைக் கொடுக்கும். டே ஸ்காலர் நண்பன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இத்தனையும் ஹாஸ்டலில் முடியாது என்றால், வாங்காமல் இருப்பதும் ஒரு வகை பாசம்தான். ஐப்பசி மழையில் ஏதாவது ஒரு வாய்க்கால் மதகில் போய் உட்காருங்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால், அவரோட பங்காளி யாராவது ஒரு வாய் காற்றுக்கு மேலே வந்துவிட்டுப் போவார். டிக்கெட் கிடையாது!

ஏற்கெனவே உங்க ஜன்னல் ஓரம் ஒரு பாட்டில் இருக்கிறதா? இந்த சனிக்கிழமை சினிமாவைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு தொட்டி வாங்கி வந்துவிடுங்கள். நாங்கள் பாட்ஷாவுக்குச் செய்யாததை, உங்க ரவுடிக்காவது நீங்கள் செய்யுங்கள்.

அடுத்த வாரம் பார்ப்போம்!