ஒரே சொல், இரு பொருள், ஒரு முழங்கால்

மூணாற்றில் மலையாள மருத்துவரும் தமிழ் நோயாளியும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்ள இடமுண்டு. மலையாளத்தில் 'நீரு' வீக்கத்தைக் குறிக்கும். தமிழில் 'நீர்' திரவம். அங்கே 'பழுப்பு' என்றால் சீழ். தமிழ்க் காதுக்கு அது நிறம். வகுப்பறையில் இது சுவையான எடுத்துக்காட்டு. செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவரின் முழங்கால் வீங்கும்போதோ, இது நோயறிதலின் சிக்கல்.

அத்தகைய வீக்கத்தில் தொற்று உண்டா என்பதை அறிய ஊசியால் மூட்டுநீரை எடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது. இயற்கை மூட்டில் மைக்ரோலிட்டருக்கு 50,000 வெள்ளையணுக்கள் இருந்தால் தொற்றென வலுவாக ஐயுறுவர். செயற்கை மூட்டின் நாள்பட்ட தொற்றுக்கு 3,000 என்பதே எல்லை. 2018இல் பர்விசி குழுவினர் வெளியிட்ட வரையறையில் இதற்கு 3 மதிப்பெண். மொத்தம் 6 எட்டினால் தொற்று உறுதி. சிறுநீர்ச் சோதனைக்குப் பயன்படும் எளிய லியூக்கோசைட் எஸ்டரேஸ் பட்டைக்கும் அதே 3 மதிப்பெண். விலை மிகுந்த ஆல்ஃபா டிஃபென்சின் சோதனைக்கும் அதே 3. ஆகவே, கருவியில்லாமையை மட்டும் காரணம் காட்ட இயலாது.

இதனினும் பெரிய தடை வேறு. ஊசி போடுமுன் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டிருந்தால், கல்ச்சரில் கிருமி வளராமற் போகலாம்; தொற்று இருந்தும் 'இல்லை' என முடிவு வரும். 'ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா?' என்று வினவினால், கடையில் 'நீர் வற்ற' மாத்திரை வாங்கியவர் 'இல்லை' என்றே மெய்யாக விடையளிப்பார். 'எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அட்டையைக் காட்டுங்கள்' என்பதே சரியான வினா. மருந்தை நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். உட்கொண்டதை அறியாமல் அவர் எவ்வாறு முடிவு செய்வார்?

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதாதா என்பர். புரியவில்லை என்று உணர்ந்தால்தானே அவரை அழைப்போம்? இங்கு இருவருமே புரிந்துவிட்டதாக நம்புகின்றனர். அறியாச் சொல்லைவிட, அறிந்ததாகத் தோன்றும் சொல்லே கேடு மிக்கது.

தேவிகுளம் வட்டாரத் தமிழை ஆராயும் நாம் சொல்லடைவு தொகுப்பதோடு நிற்கிறோம். வீக்கம், சீழ், மாத்திரை, முந்தைய அறுவை ஆகியவற்றைத் தோட்டத் தமிழில் வினவும் ஒருபக்கத் தாளை எலும்பு மருத்துவர்களோடு அமர்ந்து உருவாக்குவதும் ஆய்வுப் பணியே. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதற்கும் இடம் கொடுப்போம்.