நாய்க்குட்டி வாங்கியாச்சு... வெட் டாக்டர் யார், பட்ஜெட் எவ்வளவு? முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

சென்னையில் நாய், பூனை வளர்க்க மாநகராட்சி உரிமம் கட்டாயம். 2025-ல் நாய்களுக்கு மைக்ரோசிப்பும் கட்டாயமானது. உரிமத்துக்குக் கட்டணம் 50 ரூபாய். எடுக்காவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். விண்ணப்பிக்க ரேபிஸ் தடுப்பூசி சான்று தேவை என்பதால் எல்லோரும் ஒருமுறையாவது வெட் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால், அந்த ஒருமுறை போதுமா?

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

செல்லப்பிராணி செலவு இரண்டு வகை. முதலாவது, முன்பே தெரிந்தது. நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, சில வார இடைவெளியில் பூஸ்டர்கள், 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பூஸ்டர். இதோடு பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை.

இரண்டாவது, சொல்லாமல் வருவது. பார்வோ வைரஸ், உண்ணிக் காய்ச்சல், விபத்து என்று வந்தால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நாள் கணக்கில் டிரிப்ஸ் என பில் மொத்தமாக ஏறும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முதல் வகையில் மிச்சம் பிடித்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வகையில் வந்து நிற்கும். பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் கர்ப்பப்பை சீழ் நோய்க்கு, பல நேரம் அவசர ஆபரேஷன்தான் வழி.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பி.வி.எஸ்சி. பட்டமும் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட் ஷாப்பில் போடும் ஊசியை நம்ப வேண்டாம். பிறகு இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

- இரவில், ஞாயிற்றுக்கிழமையில் அவசரம் என்றால் யாரை அழைப்பது?
- எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை இங்கேயே உண்டா?
- பெரிய சிகிச்சைக்கு எங்கே அனுப்புவீர்கள்?
- ஆபரேஷனுக்கு முன்பே செலவு மதிப்பீடு தருவீர்களா?

அரசு மருத்துவமனை கைகொடுக்குமா?

கொடுக்கும். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் சிறப்புப் பிரிவுகள் உண்டு. தனியாரைவிடச் செலவும் குறைவு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சை பெறலாம். கூட்டம் இருக்கும், அதனால் ஒரு நாள் லீவு போட வேண்டி வரலாம்.

இன்சூரன்ஸா, தனி சேமிப்பா?

இந்தியாவில் பெட் இன்சூரன்ஸ் கிடைக்கிறது. ஆனால், ஏற்கெனவே உள்ள நோய், வயது வரம்பு, காத்திருப்புக் காலம் போன்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். வழக்கமான தடுப்பூசி செலவை பல பாலிசிகள் ஏற்காது. எளிய வழி, சம்பளம் வந்ததும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுவது. மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000. பெரிய ஆபரேஷனுக்கு இது போதாமல் போகலாம், ஆனால் முதல் நாள் அட்வான்ஸுக்குக் கடன் தேட வேண்டியிருக்காது.

செலவுக்கு பயந்து வீட்டு வைத்தியமா?

வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட பூனையின் உயிரைப் பறிக்கலாம். ஐபுபுரூஃபென் நாய்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

சமாளிக்க முடியாவிட்டால்?

பில்லைப் பார்த்து மிரண்டு, பிராணியைத் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி, பட்டினியால் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். சட்டம் பெரிதாக பயமுறுத்தாது, ஆனால் வீட்டில் வளர்ந்த நாய்க்கு தெருவில் பிழைக்கத் தெரியாது. எனவே செலவு கைமீறும் முன்பே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த செலவு சிகிச்சை, அரசு மருத்துவமனை, வேறு நல்ல வீடு என வழிகள் உண்டு.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே டாக்டரின் எண் போனில் இருக்கட்டும், முதல் மாதத் தொகை கணக்கில் இருக்கட்டும். இரண்டும் இல்லையென்றால், குட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதே நல்லது.