பாய்மரப் படகுக்கு எத்தனை குதிரை வேண்டும்?

கப்பல் பொறியியல் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், யாராவது ஒரு இன்ஜின் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். இந்த முறை கலிபோர்னியாவில் இருக்கும் பெரியப்பா மகன். அவரிடம் இருப்பது 1970-களில் கட்டிய கேட்டலினா 27 பாய்மரப் படகு. உள்ளே 30 குதிரைத்திறன் அட்டாமிக் 4 பெட்ரோல் இன்ஜின். அது கையை விரித்துவிட்டது. "அதே 30-ல் ஒரு டீசல் வாங்கிடவா தம்பி?"

வேண்டாம் என்பது என் கட்சி.

இந்த மாதிரிப் படகின் வேகத்தை முடிவு செய்வது இன்ஜின் இல்லை, நீர்க்கோட்டின் நீளம். இதற்கு அது 21.75 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள்: சுமார் 6.25 நாட். அதற்கு மேல் முடுக்கினால், படகு தானே எழுப்பிய அலை மேல் ஏற முடியாமல் திணறும், எரிபொருள்தான் தீரும். சுமார் மூன்று டன் படகுக்கு 12 முதல் 14 குதிரை தாராளம். இதே கேட்டலினா 27 பிற்பாடு 11 குதிரை டீசலோடும் வந்தது!

டீசலுக்கு மாறுவது சரிதான். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். படகின் அடியில் தேங்கும், ஒரு பொறி போதும்.

மிச்சமாகும் பணத்தில் டீசலுக்குப் பொருத்தமான புரொப்பல்லர், எக்ஸாஸ்ட் குழாய், சுத்தமான டேங்க் வாங்கலாம். டேங்கில் அழுக்கு இருந்தால் புது இன்ஜினும் நடுவழியில் நிற்கும். எதிர்க்காற்றில், பாறைகளுக்கு நடுவே துறைமுகத்துக்குள் நுழையும்போது அப்படி நின்றால் 30 குதிரை இருந்து என்ன பயன்?

அண்ணனுக்கு இன்னும் மனசு வரவில்லை. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால்?